உணவே முதல் மருந்து

‘அனோரெக்சியா’ என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. பசியின்மை என்பது அதன் பொருள். ஆயினும், அப்பெயர் தாங்கிய நோய்க்கு அது முற்றும் பொருந்துவதன்று. அந்நோயுற்றார் பலருக்குப் பசி உண்டு; பசித்தும் உண்ண இயலாமையே நோய். உடல் பெருத்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். எலும்பும் தோலுமாய் மெலிந்த பின்னும் தம் உடல் பருத்திருப்பதாகவே தோன்றும் மயக்கம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டு, கையருகே உணவிருந்தும் பட்டினி கிடப்பர். 1873ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சர் வில்லியம் கல்லும், பாரிஸ் மருத்துவர் சார்லஸ் லசேக்கும் தனித்தனியே இந்நோயைப் பற்றி எடுத்துரைத்தனர். இளம் பெண்களிடையே இது மிகுதி. எனினும் ஆண்களையும் இது விட்டுவைப்பதில்லை. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று.

மாணவ நண்பர்களே, இங்கு ஒரு வினா எழுவது இயல்பு. நோய் மனத்தில் இருக்க, உணவு அதற்கு மருந்தாவது எங்ஙனம்? முதலில் மனத்தைத் திருத்தினால், பிறகு உணவு தானே உள்ளே செல்லாதோ? இவ்வினாவிற்கு விடை காண உதவிய ஆராய்ச்சி, இந்நோயைப் பற்றியதே அன்று; போரினால் விளைந்த பஞ்சத்தைப் பற்றியது.

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் பல இலட்சம் மக்கள் பட்டினியால் வாடினர். போர் முடிந்ததும் அவர்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்பதை அறியவேண்டி, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் காரணமாகப் படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். அவர்கள் அனைவரும் உடலாலும் உள்ளத்தாலும் நலமுற்றிருந்தவர்கள். முதலில் சில வாரங்கள் வழக்கமான உணவு. பின்னர் 24 வாரங்கள் ஏறத்தாழ அதில் பாதி.

விளைந்தது யாது? எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது; கோடையிலும் குளிர் வாட்டியது. இவை எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது மனத்தின் மாற்றம். எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது. சமையல் நூல்களை வாங்கி வாங்கிப் படித்தனர். சிறிதளவு உணவை நெடுநேரம் அளைந்து அளைந்து உண்டனர். நண்பர் கூட்டத்தை வெறுத்துத் தனிமையை நாடினர். சினமும் சோர்வும் மிகுந்தன. பசியின்மை நோயின் அடையாளங்களாக மருத்துவர் கருதிவந்தவற்றுள் பலவும், நோயே இல்லாத அந்த இளைஞரிடம் காணப்பட்டன.

இதனால் பெறப்படும் உண்மை யாது? பிடிவாதம் என்றும், வாட்டம் என்றும், வெறுப்பு என்றும் நாம் கருதுவனவற்றுள் ஒரு பகுதி நோயாளியின் குணமன்று, பட்டினியின் விளைவு. பட்டினி கிடக்கும் மூளை தெளிவாகச் சிந்திக்க இயலாது. தெளிவாகச் சிந்திக்க இயலாதவரிடம் அறிவுரை பயன் தராது. ஆகவே, மனத்திற்குரிய சிகிச்சை பயன்படவேண்டுமானால் உடலுக்கு உணவு கிடைத்தாக வேண்டும். உணவு மட்டுமே போதும் என்பதன்று. உணவின்றி வேறெதுவும் போதாது என்பதே கருத்து.

அவ்வாறாயின், உடனே வயிறு நிறைய ஊட்டிவிடலாமா? அங்குதான் பேரிடர் உள்ளது. 1945ஆம் ஆண்டில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுள் சிலர், நெடும்பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக உண்டதனால் இறந்தனர். காரணம் இது: பட்டினிக் காலத்தில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்து வாழ்கிறது. மாவுப்பொருள் மீண்டும் உள்ளே வந்ததும் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. அது சர்க்கரையை உயிரணுக்களுக்குள் செலுத்தும்போது, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளும் உடன் சென்றுவிடுகின்றன. இரத்தத்தில் அவை வற்றிவிட்டால் இதயம் தடுமாறும். மூச்சுத் தசைகள் தளரும். தயமின் என்னும் வைட்டமின் குறைந்திருப்பின் மூளையும் கேடுறும்.

அணையும் தறுவாயிலுள்ள அடுப்பில் பெரிய விறகை ஒருங்கே திணித்தால் தீ அவிந்துவிடும். ஒன்றுமே இடாவிட்டாலும் அவிந்துவிடும். சுள்ளி சுள்ளியாக இட்டு வளர்ப்பதே முறை. எனவே, மிக மெலிந்தவர்களுக்கு மருத்துவமனையில் இரத்தத்தை நாள்தோறும் சோதித்து, தயமினையும் வேண்டிய உப்புகளையும் கொடுத்து, உணவைப் படிப்படியாக உயர்த்துகின்றனர். அளவுக்கு மீறிய அச்சத்தினால் மிகக் குறைவாகவே ஊட்டிக்கொண்டிருப்பதும் தீங்கே. தக்க கண்காணிப்பு இருப்பின் முன்னர் எண்ணியதைவிடச் சற்று மிகுதியாகவே தொடங்கலாம் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவை வகுப்பது மருத்துவரின் கடமை. வீட்டார் தாமாகச் செய்யத் தக்கதன்று.

இடர்மிக்க முதற்கட்டம் கடந்தபின் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. தேறிவரும் உடல் மிகுதியாகக் கேட்கிறது. மினசோட்டா இளைஞருக்கு உணவைச் சிறிதளவே உயர்த்தியபோது அவர்கள் தேறவில்லை. வைட்டமினையும் புரதத்தையும் கூட்டிக் கொடுத்தும் பெரும்பயன் இல்லை. உணவின் மொத்த ஆற்றலைப் பெரிதும் உயர்த்திய பின்னரே உடல் நிமிர்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கலோரி, அதுவும் பல மாதங்கள் வேண்டும் என்று கீஸ் கண்டார். இழந்த தசையையும் எலும்பையும் உறுப்புகளையும் மீண்டும் கட்டுவது எளிய செயலா? அதனால், நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும், இடையிடையே இரண்டு மூன்று முறை சிற்றுணவும் குறித்த நேரத்தில் கொடுக்கப்படுகின்றன. சோறும் பருப்பும் மட்டுமன்றி, நோயாளி அஞ்சி விலக்கிய நெய்யும் எண்ணெயும் இனிப்பும் மெல்ல மெல்ல இலைக்குத் திரும்பவேண்டும். சுருங்கியிருந்த குடல் மெதுவாக இயங்குவதால் தொடக்கத்தில் வயிறு உப்பும். சிறிது உண்டதும் நிறைந்ததுபோல் தோன்றும். இது தேறுதலின் ஒரு பகுதி, நாளடைவில் நீங்கும்.

உணவை அருகிருந்து ஊட்டுவோர் யார்? நோயாளியைப் பேண உற்றார் உறவினர் தக்கவரல்லர் என்றே கல் கருதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மருத்துவர்கள் வேறு வழியைச் சோதித்தனர். பெற்றோரைக் குற்றஞ்சாட்டாமல், பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்து, வழிகாட்டினர். இளவயதில் நோயுற்று, நோய் நீடிக்குமுன் வந்தவர்களுக்கு இம்முறை நற்பயன் அளித்ததென 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய் இலையின் முன் அமர்ந்து, சினமின்றி, ஆனால் விட்டுக்கொடுக்காமல், “இந்தக் கவளத்தையும் உண், கண்ணே” என்பது இன்று மருத்துவ முறைகளுள் ஒன்றாகிவிட்டது.

எடை கூடியதும் நோய் நீங்கிவிட்டதென எண்ணலாகாது. உடல் முந்தித் தேறும். மனம் பின்தங்கியே வரும். அவ்விடைக்காலமே நோயாளிக்கு மிகக் கடினமானது. நண்பர்களின் துணை வேண்டுவதும் அப்போதுதான். உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி நோயிலிருந்து மீண்டு வந்தால், “நன்றாகச் சதை பிடித்திருக்கிறாயே” என்று பாராட்டாதீர்கள். பாராட்டாக நீங்கள் சொல்வது அவள் அச்சத்திற்குத் தீனியாகும். அவள் இலையை எட்டிப் பார்க்காதீர்கள், எண்ணிப் பார்க்காதீர்கள். உடன் அமர்ந்து உண்ணுங்கள். பாடத்தைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ உரையாடுங்கள். இன்னும் நோய் வெளிப்படாத தோழன் ஒருவன் நாள்தோறும் உணவை ஒதுக்கி மெலிந்து வருவதைக் கண்டால், அதை மறைத்துக் காப்பது நட்பாகாது. அவன் பெற்றோரிடமோ, நம்பத்தக்க ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். இந்நோயில் நாட்கள் கழியக் கழிய மீட்பது அரிதாகிறது. விரைந்து தொடங்கிய சிகிச்சையால் முற்றிலும் நலம்பெற்று வாழ்வோர் பலர்.