மலைக்கு வாசல் நம் ஊரே

(மலையடிவாரக் கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வார இறுதி வந்துவிட்டால் நகரங்களிலிருந்து நம் மலைகளை நோக்கி இளைஞர் கூட்டம் புறப்படுவதை நாம் அனைவரும் காண்கிறோம். சென்னையில் உள்ளோர் ஜவ்வாது மலைக்கும், மதுரையில் உள்ளோர் சிறுமலைக்கும், கோவையில் உள்ளோர் ஆனைமலைப் பக்கமும் செல்கின்றனர். சனிக்கிழமை புறப்பட்டு, முதுகில் ஒரு பையுடன் மலையேறி, இயலுமாயின் ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்புவது அவர்களுடைய திட்டம். வெகு தூரம் போகாமல், பெரும்பொருள் செலவிடாமல், வீட்டுக்கு அண்மையிலேயே கிடைக்கும் இன்பம் இது.

'இது நகரத்தார் பொழுதுபோக்கு; இதில் நமக்கென்ன வேலை?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம். மலைப்பாதை எங்கே தொடங்குகிறது? நம் ஊர்க் கடைசி வீட்டுக்கு அப்பால் தொடங்குகிறது. ஏறியவர் இறங்காவிடில் முதலில் தேடப் போகிறவர் யார்? நம் ஊரார்தாம். மலையில் தீப்பற்றினால் யாருடைய மேய்ச்சலும் ஊற்றும் அழிகின்றன? நம்முடையவைதாம். ஆகவே, மலைக்கு வாசல் நம் ஊரே. வாசலில் இருப்பவருக்குப் பொறுப்பும் உண்டு, உரிமையும் உண்டு.

மலையேறி நடப்பது நமக்குப் புதிதன்று. சாலை இல்லாத காலத்தில் மலைக் கிராமத்தார் தலைச்சுமையுடன் சந்தைக்கு இறங்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். பருவதமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் இன்றும் பக்தர்கள் நடந்தே செல்கின்றனர். இவ்வாறு நடப்பதால் உடல் உறுதி பெறுகிறது, மனம் தெளிகிறது, சொந்த நாட்டைப் பற்றிய அறிவும் வளர்கிறது. சென்னைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, காட்டின் நடுவே குடியம் குகைகள் உள்ளன. ஆதி மனிதன் வாழ்ந்த தடங்கள் உள்ள அவ்விடத்தை இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் 1864-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். ஒரு காலை நேர நடையில் எட்டக்கூடிய அக்குகைகளை அண்டை ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? ஆகவே இந்த நடையை நாம் வெறுக்கவில்லை. நம் பிள்ளைகளும் நடக்கவேண்டும் என்றே கூறுகிறோம். ஆனால், முறையின்றி நடந்தால் என்ன நேரும் என்பதையும் நாம் அறிந்திருத்தல் அவசியம்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் நிகழ்ந்ததை நாடு மறக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து மற்றொரு குழுவும் அங்கே வந்திருந்தன. அவர்கள் சனிக்கிழமை கொழுக்குமலைக்கு ஏறி, ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சரிவெங்கும் காய்ந்த புல் மண்டியிருந்தது. பிற்பகலில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அதில் சிக்கியும், பின்னர் மருத்துவமனையில் சிகிச்சை பலனின்றியும் 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளவயதினர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்து சேர்ந்தன. எனினும், புகையைக் கண்டவுடன் மலைமேல் ஓடி, காயமுற்றவர்களைத் துணியில் கிடத்தித் தோளில் சுமந்தவர்கள் அவ்வட்டாரத்துக் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளருமே ஆவர்.

இத்துன்பத்திலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம், மலைத்தீயின் இயல்பு. சமதரையில் தீ படரும் வேகம் வேறு. சரிவில் ஏறும் வேகம் வேறு. சரிவிலே தீயின் நாக்கு மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சுட்டு உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வனத்தீ வல்லுநர்களின் கணக்கு. பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசுகிறது. எனவே, கீழே தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுபவரைத் தீ முந்திவிடும். பக்கவாட்டில் விலகிப் பாறைத் தரையையோ, ஓடையையோ, முன்னரே எரிந்து கருகிய நிலத்தையோ அடைவதே உயிர் காக்கும் வழி. ஆடு மாடு மேய்க்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தவர் உடன் செல்லவேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

குரங்கணித் துயரத்துக்குப் பின், மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018-ஆம் ஆண்டிலேயே அரசு தனி விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் மலையேறுதல் கூடாது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் செல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என அப்பாதைகள் பிரிக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள சிற்றூர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர். தீக்காலத்தில் பாதைகளை மூடிவைக்கும் வழக்கமும் ஏற்பட்டுள்ளது.

இவ்வாறு சட்டம் இருக்கிறது; திட்டமும் இருக்கிறது. ஆயினும், ஒவ்வோர் ஒற்றையடிப் பாதையிலும் ஒரு வனக் காப்பாளரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. இரவில் டீக்கடை வாசலில் வந்து இறங்கும் குழுவை முதலில் காண்பவர்கள் நாமே. அங்கேதான் பஞ்சாயத்தின் பணி தொடங்குகிறது. நாம் செய்யத்தக்கவை என ஐந்தினைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, வாசலில் ஒரு கணக்கு. மலைப்பாதை தொடங்கும் ஊரில், பஞ்சாயத்து அலுவலகத்திலோ கடையொன்றிலோ ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எத்தனை பேர், எந்தப் பாதை, அனுமதிச் சீட்டு உண்டா, எப்போது திரும்புவார்கள், வீட்டாரின் தொலைபேசி எண் என்ன என்பவற்றை அதில் எழுதச் செய்யவேண்டும். இறங்கியதும் கையெழுத்திட்டுச் செல்லவேண்டும். மாலை ஆறு மணிக்கு ஒரு வரி கையெழுத்தின்றி இருந்தால், யாரோ மலையில் நிற்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாதவரைத் தடுத்து, வனத்துறைக்குத் தெரிவித்தலும் இக்கணக்கைச் சேர்ந்ததே.

இரண்டாவது, ஊர் வழிகாட்டி. சுனை எங்கே உள்ளது, யானைத் தடம் எது, மழை வந்தால் எந்த ஓடை பெருகும் என்பன படத்தைப் பார்த்து அறியக்கூடியவை அல்ல. இவற்றை அறிந்த நம் இளைஞர்களை வனத்துறையின் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். முதலுதவி, தீயிலிருந்து தப்புதல், கம்பியில்லாக் கருவியைக் கையாளுதல் ஆகியவற்றை அவர்கள் கற்கட்டும். காலை வெயிலுக்கு முன் ஏறுதல், பொழுது சாயுமுன் இறங்குதல், தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தல், எளிதில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் நைலான் உடையைத் தவிர்த்துப் பருத்தி ஆடை அணிதல் என்பனவற்றை வழிகாட்டி வற்புறுத்தவேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் குழு திரும்பவேண்டும். அந்த அதிகாரம் இல்லாத வழிகாட்டி வெறும் சுமைகூலியே ஆவார்.

மூன்றாவது, கூடாரம். காப்புக்காட்டினுள் அனுமதியின்றி இரவு தங்குதல் குற்றம், ஆபத்துமாகும். அந்தியிலும் விடியலிலும் யானைகள் நடமாடும். ஓடை மணல் மெத்தை போல இருக்கிறதே என்று அங்கே படுத்தவர், எங்கோ மலையுச்சியில் பெய்த மழைக்கு இரையாகலாம். சதுரகிரியில் 2015-ஆம் ஆண்டு மே மாதம் திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை நினைவுகூர வேண்டும். தங்க விரும்புவோருக்குக் காட்டின் எல்லைக்கு வெளியே, விலங்குத் தடமல்லாத ஒரு தோப்பையோ வயலோரத்தையோ பஞ்சாயத்து குறித்துத் தரலாம். அங்கேயும் நெருப்பு மூட்டாமல் உண்ணக் கட்டுச்சோறே போதும். கழிப்பிடம் இல்லாத இடத்தில், நீர்நிலைக்கு 200 அடி அப்பால், ஆறு அங்குலம் பள்ளம் தோண்டி மூடவேண்டும் என்ற ஒழுங்கையும் சொல்லித்தரவேண்டும். கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாமல்லவா?

நான்காவது, குப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உள்ளது. ஆயினும் மலைப்பாதைகளில் அவை கிடக்கின்றன. மானும் மாடும் தின்று மடிகின்றன. உடைந்த கண்ணாடிப் புட்டி யானையின் பாதத்தைக் கிழித்தால் அப்புண் ஆறுவது அரிது. ஏறும்போது பையிலுள்ள புட்டிகளை எண்ணி, ஒரு முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது அவற்றைக் காட்டினால் அப்பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு நல்ல பலன் தரும். கொண்டு போனது அனைத்தும் திரும்ப வரவேண்டும் என்பதே சட்டமாகட்டும்.

ஐந்தாவது, மீட்பு. ஊரில் இரண்டு டோலிகள், கயிறு, விளக்கு, தீப்புண்ணுக்கு முதலுதவிப் பெட்டி ஆகியவை எப்போதும் ஓரிடத்தில் இருக்கவேண்டும். வனச்சரகரின் எண்ணையும், 108, 112 ஆகிய எண்களையும் பாதை தொடங்கும் இடத்தில் சுவரில் எழுதிவைக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி பிறக்குமுன், இளைஞர்கள் கூடி ஒத்திகை பார்க்கவேண்டும்.

விவசாய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வருவோரிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கும் நாம், நம்மிடத்தும் அதனைக் காணவேண்டும். மலைக்காட்டில் பற்றும் தீயில் பெரும்பாலானது மனிதரால் விளைவதே. புதுப்புல் தளிர்க்கட்டும் என்று காய்ந்த புல்லுக்கு வைக்கும் நெருப்பும், தேனெடுக்கப் போகிறவரின் தீப்பந்தமும், காட்டோரக் கொல்லையில் சருகு கொளுத்தும் நெருப்பும், வழிப்போக்கர் எறியும் பீடித் துண்டும் காட்டுத்தீயாக மாறுகின்றன. புது மழையில் தளிர்க்கும் புல் ஒரு மாத மேய்ச்சலுக்கு உதவலாம். ஆனால் எரிந்த சரிவின் மேல்மண் அதே மழையில் கரைந்து நம் ஏரியைத் தூர்க்கிறது; ஊற்று வறள்கிறது. அந்தத் தீயின் பாதையில் முன்பின் அறியாத ஒரு குழந்தை நடந்துகொண்டிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணியில் வனத்துறையினருடன் கிராம வனக் குழுக்கள் தோள் கொடுக்கவேண்டும்.

'இவ்வளவு தொல்லை எதற்கு? மலையை ஒரேயடியாக மூடிவிடலாமே' என்று சிலர் கூறுவர். நேர்வழியை அடைத்தால் மக்கள் குறுக்குவழியில் செல்வர். குறுக்குவழியில் செல்பவருக்குக் கணக்குமில்லை, துணையுமில்லை. 'எத்தனை பேர் வந்தாலும் வரட்டும், ஊருக்கு வருமானந்தானே' என்பாரும் உளர். அதுவும் தவறு. பாதை தாங்கும் அளவுக்குமேல் ஆள் சேர்ந்தால் பாதையும் கெடும், ஊரும் கெடும். அளவோடு வருவோரை முறையோடு அனுப்புவதே நமக்கு நலம். வழிகாட்டிக்குக் கூலி, மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்த தினைப்பொங்கலுக்கும் கேழ்வரகுக் களிக்கும் விலை, தோப்பில் தங்குவதற்கு வாடகை என ஊருக்குள் ஒரு வருவாய் வரும். அதில் ஒரு பங்கை மீட்புப் பெட்டிக்கும் பாதைப் பராமரிப்புக்கும் ஒதுக்கினால் இத்திட்டம் தன் காலிலேயே நிற்கும்.

ஜனவரி 26-ஆம் நாள் கூடும் கிராம சபை, தீக்காலத்துக்கு முன் நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. அக்கூட்டத்தில் இவ்வைந்து பணிகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, வனத்துறைக்கு ஒரு படி அனுப்புங்கள். குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை இன்னாருக்கு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். பொதுவில் விட்ட வேலை ஒருவராலும் செய்யப்படுவதில்லை. நம் ஊர் வழியாக மலையேறும் ஒவ்வொருவரும், எந்த ஊர்ப் பிள்ளையானாலும், அதே வழியாக நலமே இறங்கி வரவேண்டும். அதற்கு வேண்டிய அறிவும் ஆள்பலமும் நம்மிடம் இருக்கின்றன. ஏற்பாடு ஒன்றே குறை. அக்குறையை இவ்வாண்டே நீக்குவோமாக!