வெள்ளக் காணியின் விலையும் தாய்வழி வளவும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தான்தோன்றீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் கொக்கட்டிச்சோலையில், என்னிலும் மூத்த ஆய்வாளர்கள் முன்வரிசையில் இருக்க, இந்த மாநாட்டின் தலைமையை ஏற்பது எனக்குப் பெருமை. கூடவே சற்றுப் பதற்றமும் உண்டு.

வெள்ள அபாயக் காணிகளை அரசு விலைக்கு வாங்கி மக்களை மேட்டில் குடியேற்றுவது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அடிப்படைகளை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1957 வெள்ளத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2011 வெள்ளத்தை நாமே கண்டோம். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகளைத் திறப்பது பற்றியும், முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று வயற்காரருக்கும் வாவி மீனவருக்கும் நடக்கும் வழக்குப் பற்றியும் பின்வரும் அமர்வுகள் பேசும்.

அபாயக் காணியை அரசு விலைக்கு வாங்குவது புதிதல்ல. 1993 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பின் அமெரிக்க அரசு ஆற்றோர வீடுகளைப் பெருமளவில் விலைக்கு வாங்கியது. நம் நாட்டில் 2016 அரநாயக்க மண்சரிவுக்குப் பின் வீட்டுக்கு 12 இலட்சம், காணிக்கு 4 இலட்சம் ரூபா என்று திட்டம் வந்தது. 2025 டித்வா புயலின் பின் வீட்டுக்கு 50 இலட்சம் வரையும், அரச காணி கிடைக்காத இடத்தில் காணி வாங்க 50 இலட்சம் வரையும் அறிவிக்கப்பட்டது. தொகை வளர்ந்திருக்கிறது, நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பணம் யார் கையில் சேரும்?

இங்கே நம் துறையின் பழைய வழக்கொன்றைத் தொடவேண்டியிருக்கிறது. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ, மட்டக்களப்பின் தாய்வழி மரபுரிமை வழக்கான முக்குவச் சட்டத்தை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. அத்தோடு மட்டக்களப்பின் தாய்வழி உரிமை முடிந்துபோனது என்று சட்டத்துறை நண்பர்கள் சிலர் எழுதிவருகிறார்கள். அவர்களிடம் நான் கற்றது ஏராளம். இந்த முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. நீதிமன்றம் கைவிட்ட உரிமையை எங்கள் தாய்மார் சீதன உறுதியில் எழுதிவைத்துக் காத்தார்கள். பிரிட்டோவின் நூலையும் நொத்தாரிசுமார் எழுதிய சீதன உறுதிகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் இந்தக் கரையின் குடியிருப்பைப் பற்றி யாரும் முடிவு சொல்லக் கூடாது என்பது என் வாதம்.

இந்த வட்டாரத்து வளவொன்றுக்குள் போய்ப் பாருங்கள். முன்னால் கல்வீடு. அது மூத்தவளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. மருமகன் அங்கே வந்து குடியிருக்கிறார். பின்வளவில் தகரக் கூரை போட்ட சிறுவீட்டில் தாயும் தகப்பனும் இளையவளும். ஓரத்தில் இளையவளுக்கென்று போட்ட அத்திவாரம், கம்பி நீட்டியபடி நிற்கிறது. மூன்றுக்கும் கிணறு ஒன்றுதான். கணக்கெடுக்க வருபவரின் படிவத்திலோ ஒரு குடும்பத் தலைவர், ஒரு வீடு, ஒரு தொகை. பணம் மருமகன் பெயருக்குப் போகும். தாய்க்கு ஒன்றுமில்லை, இளையவளின் அத்திவாரத்துக்கு விலையே இல்லை.

இது கற்பனைப் பயமல்ல. சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் போட்டு மக்களை எழுப்பியபோது, பெண்ணின் சீதன வீட்டுக்குப் பதிலாகக் கொடுத்த வீடுகள் பல கணவன் பெயரில் எழுதப்பட்டன. கடலோர நாவலடி மக்களைக் குடியேற்றிய திராய்மடுவிலும் மாரியில் வெள்ளம் நின்றது. பெண் உரிமையையும் இழந்து நீரிலும் நிற்பதற்கா இடம்பெயர்வது?

இன்னொரு சிக்கல், இங்கே அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள் பல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இலிருந்து, பின்னுரித்தாளர் பெயரிடப்படாத இடத்தில் மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022இன் திருத்தம்தான் அதை நீக்கியது. யுத்தத்தில் ஓடி ஓடிப் பத்திரத்தையே தொலைத்த குடும்பங்களும் உண்டு. பத்திரத்தைப் பார்த்து மட்டும் விலை பேசினால், வசதியுள்ளவருக்கு முழுவிலையும் ஏழைக்கு வெறும் நிவாரணமும்தான் கிடைக்கும்.

எழுதப்படாத வழக்கத்தை அரசு எப்படி ஏற்கும் என்று நண்பர்கள் கேட்பார்கள். சீதன உறுதி எழுதப்பட்டதுதானே? உறுதி இல்லாத வீட்டுக்கு வாக்காளர் இடாப்பும் கிராம உத்தியோகத்தரின் பதிவும் அயலவர் சாட்சியும் இருக்கின்றன. எண்பத்தேழு ஆண்டு கழித்தாவது ஒரு சட்டத்தைத் திருத்த முடிந்த நாட்டில் ஒரு படிவத்தைத் திருத்த முடியாதா?

ஆகவே இந்த மாநாடு மூன்றைத் தீர்மானமாக்க வேண்டுகிறேன். இழப்பீடு வளவிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கப்பட வேண்டும். சீதன வீட்டின் பணமும் புதுக் காணியும் அந்தப் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். வயலுக்கும் வாவிக்கும் நடந்துபோகும் தூரத்தில், மாரி வெள்ளம் ஏறாத மேடு என்று உறுதிப்படுத்திய பின்பே எவரையும் எழுப்ப வேண்டும். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கட்டும், அதற்குத்தான் கூடியிருக்கிறோம். மாநாட்டைத் தொடக்கி வைக்கிறேன்.