கையுறைக்குள் வெளுத்த கைகள்

வாழைப்பூ நறுக்கும்போது பக்கத்தில் மோர்த்தண்ணீர் வைத்துக்கொள்கிறோம், கறுக்காமல் இருக்க. காற்றுப் பட்டதும் பூவிலுள்ள ஒரு நொதி வேலையைத் தொடங்கிவிடும். மோரின் புளிப்பு அதை அடக்குகிறது. அந்த நொதிக்கு உறவான ஒன்று நம் தோலிலும் இருக்கிறது. பெயர் டைரோசினேஸ். தாமிரம் இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனின் நிறமியாக மாற்றும் முதல் வேலை இதனுடையது. (மோரை முகத்தில் பூசிவிடாதீர்கள். அது வாழைப்பூவோடு சரி.)

முகத்தில் மங்கு விழுந்தவர்களுக்குத் தோல் மருத்துவர்களான நாங்கள் எழுதித்தரும் மருந்துகளில் பல, இந்த நொதியைத்தான் குறிவைக்கின்றன. ஜப்பானில் அரிசியைப் புளிக்கவைக்கும் பூஞ்சையிலிருந்து கிடைத்த கோஜிக் அமிலம் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹைட்ரோகுயினோன், டைரோசினைப் போன்ற தோற்றத்தோடு போய் நொதியை ஏமாற்றும்.

இந்தக் குடும்பத்து மருந்து ஒன்று கண்ணில் பட்ட கதையை மாணவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை. 1930களின் கடைசி. தொழிலாளர்கள் பலருக்குக் கைகள் வெளுக்கத் தொடங்கின. பதனிடும் ரசாயனம்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வெண்மை, ரப்பர் கையுறை முடியும் இடத்தில் கோடு போட்டாற்போல் நின்றது! குற்றவாளி, காப்பதற்காக மாட்டிய கையுறையேதான். ரப்பர் கெடாமலிருக்க அதில் கலந்திருந்த மோனோபென்சோன், ஹைட்ரோகுயினோனுக்கு நெருங்கிய சொந்தம். 1939-இல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள்.

கவனியுங்கள் நேயர்களே, இங்கே ஒரு பெரிய வித்தியாசம். நொதியை அடக்கினால், மருந்தை நிறுத்தியதும் நிறம் திரும்பும். மோனோபென்சோனோ நிறமி செய்யும் செல்லையே அழிக்கும். அது தொடாத இடத்திலும் வெண்புள்ளி வரலாம். அதனால் இன்று அதை, உடல் முழுக்க வெண்புள்ளி பரவி, மிச்சமிருக்கும் நிறத்தையும் எடுத்துவிட விரும்புகிறவர்களுக்கு மட்டுமே தருகிறோம்.

நொதியை அடக்கும் மருந்தையும் இஷ்டத்துக்குப் பூசினால் ஆபத்துதான். என்னிடம் வந்த ஓர் அம்மா. முகம் தக்காளியாய்ச் சிவந்து, கன்னத்தில் பூனைமுடி. மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிய மூன்று மருந்துக் கலவை கிரீம்; ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஸ்டீராய்டு.

"எத்தனை நாளாப் போடுறீங்கம்மா?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு ஆரம்பிச்சேன் டாக்டர். இப்ப அவ பொண்ணு பள்ளிக்கூடம் போகுது. நிறுத்தினா எரியுதே!"

அந்த எரிச்சல் ஸ்டீராய்டின் வேலை. சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தர வேண்டிய மருந்து அது. ஹைட்ரோகுயினோனையும் ஆண்டுக்கணக்கில் பூசினால், வெளுப்பதற்குப் பதில் நீலம் கலந்த கறுப்புப் படிந்துவிடும். போக்குவது மிகக் கடினம். தென்னாப்பிரிக்காவில் 1970களில் இப்படிப் பலர் அவதிப்பட்டார்கள். அந்த அம்மாவின் முகம் ஆற எட்டு மாதம் ஆயிற்று. நிறத்துக்காக அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

எந்த மருந்து போட்டாலும் வெயிலுக்குக் காப்பு வேண்டும், அது மட்டும் கட்டாயம். அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் டியூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவீர்கள் என்று நம்புகிறேன்.