நம்ம ஏரித் தண்ணி எங்க போகுது?

இன்னைக்கு எபிசோடை ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம்: 49 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெய்த மழை அது. அடையாறு பொங்கி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகுல ஆளுங்களை மீட்டாங்க. 2019 கோடையில அப்படியே தலைகீழ். ஏரிங்க வறண்டு, குடத்தோட லாரிக்குக் காத்திருந்தோம். 2023-ல மிக்ஜாம் புயல் வந்தப்போ அதே முடிச்சூர்ல மறுபடியும் வெள்ளம்.

காற்று ஒரு டிகிரி சூடானா, சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனாலதான் பெய்யும்போது கொட்டித் தீர்க்குது. அதை நாம இங்க இருந்து நிறுத்த முடியாது. ஆனா கொட்டுற தண்ணி ஏரியில நிக்கணுமா, நம்ம ஹால்ல நிக்கணுமாங்கிறது ஓரளவு நம்ம கையில இருக்கு.

முடிச்சூர்ல வளர்ந்த அருண் கிருஷ்ணமூர்த்தி பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. கூகுள் வேலையை விட்டுட்டு, தன்னார்வலர்களோட ஏரிகளைச் சீரமைக்க இறங்கினவர். கீழ்க்கட்டளை ஏரிப் பணிக்காக 2012-ல ரோலெக்ஸ் விருது வாங்கினார். அப்போ அவருக்கு இருபதுகள்லதான் வயசு.

அந்த ஏரி தனியா இல்லைங்கிறதுதான் முக்கியம். அதோட உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும். 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த அதே பள்ளிக்கரணைதான். நடுவுல ஒரு கால்வாய் அடைச்சா, மேல இருக்கிற ஏரியை எவ்வளவு சுத்தம் பண்ணாலும் தண்ணி தெருவுக்குத்தான் வரும்.

நானும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஏரி சுத்தம் பண்ணப் போனேன். கையுறை, குரூப் போட்டோ எல்லாம் ஆச்சு. அடுத்த மழைக்கப்புறம் அதே நாத்தம். எங்கிருந்து வருதுன்னு வரத்துக்கால்வாயைப் பிடிச்சு நடந்து பார்த்தா, எங்க அபார்ட்மென்ட் பின்பக்கம் வந்து நின்னேன். எங்க கழிவுநீர்க் குழாயே மழைநீர் வடிகால்லதான் சேர்ந்திருக்கு!

அசோசியேஷன் மீட்டிங்ல சொன்னேன். "தம்பி, எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க"ன்னு ஒரு அங்கிள் சொன்னார். செலவுக் கணக்கு போட்டதும் பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. மூணாவது மீட்டிங்லதான் குழாயை மாத்த ஒத்துக்கிட்டாங்க. வேலை இன்னும் முடியலை.

அதனால ஒரே ஒரு வேலை சொல்றேன். மழைக்காலத்துக்கு முன்னாடி உங்க ஏரியோட கலங்கல் எங்க இருக்குன்னு தேடுங்க. அங்கிருந்து கால்வாயோட நடங்க. எங்க அடைச்சிருக்கோ அதைப் போட்டோ எடுத்து, மாநகராட்சியில மனு கொடுங்க. அப்படியே உங்க வீட்டுக் குழாய் எங்க போகுதுன்னும் பார்த்துடுங்க.

அடுத்த வாரம் பேசலாம்.