உதறிய துண்டு

கேழ்வரகு முற்றும் பருவத்தில் ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டில் வந்து தங்கும் யானைக் கூட்டத்தில், கன்றுகள் வழியையும் இரையையும் தாயைப் பார்த்தே அறிகின்றன. அக்காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றில், கோலியாட்டத்தில் தோற்ற சிறுவன் ஒருவன், இடக்கையை இடுப்பில் ஊன்றி, தோளில் இல்லாத துண்டை ஒரு முறை உதறிவிட்டு, தோழனை 'என்னடா முறைக்கிறே?' என்று அதட்டித் தள்ளியதைக் கண்டு, இந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சிந்தித்தேன்.

அமெரிக்க உளநூல் அறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா தம் சகாக்களுடன் 72 குழந்தைகளைக் கொண்டு பரிசோதனை நடத்தி 1961-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிக்கக் கண்ட குழந்தைகளில் பலர், அதே போன்ற பொம்மை கைக்கு எட்டியதும், அந்த அடியை மட்டுமன்றி அவர் உச்சரித்த சொற்களையும் அப்படியே பிரதி செய்தனர். சாந்தமான பெரியவரைக் கண்ட குழந்தைகளிடம் அத்தகைய ஆவேசம் அபூர்வமாகவே தோன்றியது.

கோலிச் சண்டையைத் தீர்க்க, ஆலை ஷிப்ட் முடிந்து திரும்பிய தகப்பனார் வந்தார். இடக்கை இடுப்பில், தோளில் மெய்யான துண்டு. அதை உதறி, 'என்னடா முறைக்கிறே?' என்று மகனை அதட்டினார்.

திண்ணையிலிருந்த பாட்டனாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.