வங்காலைக் கரையில் ஒரு பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இளைஞரும் தொண்டும் என்ற பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். தொண்டைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதற்கு என்னிலும் வல்லவர் பலர் இச்சபையில் இருக்கின்றனர். ஆதலால் நான் பட்டறிந்த ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகின்றேன்.

பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகிலே படிப்பிப்பவன் நான். என்னிடம் வரும் பிள்ளைகளுள் கண் தெரியாதவர் உளர். காது கேளாதவர் உளர். சக்கர நாற்காலியில் வருபவர் உளர். ஓட்டிசம் உடையவரும் உளர். பாடசாலையிலே சுற்றுலாப் பேச்சு எழும்போதெல்லாம், "இவர்களை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?" என்ற கேள்வியும் எழும். அதற்கு விடை தேடுவார் மிகச் சிலரே. பஸ் புறப்பட்டுவிடும், எங்கள் பிள்ளைகள் படலையிலே நிற்பார்கள்.

இதனைப் பொறாமல், சில ஆண்டுகளுக்கு முன் நானே அவர்களை வில்பத்துக்கு அழைத்துச் சென்றேன். 1938ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாக்கப்பட்ட பெருங்காடு அது. என் நோக்கம் நல்லது. செய்த முறையோ பிழை. தேசிய பூங்காவினுள் குறித்த இடங்களிலன்றி வாகனத்தை விட்டு இறங்கலாகாது என்பது விதி. வனவிலங்குகளுக்கும் மனிதருக்கும் நன்மை கருதி ஏற்பட்ட விதிதான். ஆயினும், ஒரு நாழிகை ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளையைக் குலுங்கும் ஜீப்பிலே பல மணி நேரம் இருத்தினால் என்னவாகும்? யானையைக் கண்டதும் பெரியவர்களாகிய நாங்கள் ஆரவாரித்தோம். ஓட்டிசமுள்ள சிறுவன் ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். வீடு வந்து சேரும்வரை அவன் அழுகை ஓயவில்லை. "இனி இவனை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, மாஸ்டர்" என்றார் அவன் தாயார். அந்த வார்த்தை என்னை வெகுநாள் வருத்தியது. குற்றம் பிள்ளையுடையதன்று, என்னுடையது என்பதை உணர்ந்தேன்.

வேறு வழியைத் தேடினேன். அது எங்கள் வாசலிலேயே இருந்தது. மன்னார்த் தீவுக்குச் செல்லும் வீதியை அண்டிப் பரந்து கிடக்கும் வங்காலைச் சரணாலயத்தை அறியாதார் இங்கே யார்? 2008இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலங்களின் உலகப் பட்டியலிலும் சேர்க்கப்பட்ட இடம் அது. ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை ஊசிவால் வாத்து முதலிய பறவைகள் வடதேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. பூநாரைக் கூட்டங்களையும் காணலாம்.

இம்முறை முதலில் நான் தனியே சென்றேன். வாகனப் போக்குவரத்துக்கு அப்பால் எங்கே நிற்கலாம், நிழல் எங்கே, மலசலகூடம் எவ்வளவு தூரம், நாற்காலிச் சில்லு மணலிலே புதையாத தரை எது என்று பார்த்துப் படங்கள் எடுத்தேன். அப்படங்களைப் போகும் ஒழுங்கிலே அடுக்கி, ஒரு கிழமை நாளும் வகுப்பிலே காட்டினேன். நான்கு பிள்ளைகள் மட்டும், ஆளுக்கொரு துணை, காலை வேளையில் ஒரு மணி நேரம். பஸ்ஸிலே பாட்டுப் பெட்டி இல்லை. அந்தச் சிறுவனின் தாயாரை வேண்டி வேண்டி அவரையும் உடன் அழைத்துச் சென்றேன்.

கண் தெரியாத பெண்பிள்ளை உமிரிச் செடியை ஒடிக்காமல் தடவிப் பார்த்து, "தண்ணீர் நிறைந்த இலை" என்றாள். காது கேளாத பையன் எங்கள் எல்லோருக்கும் முன்னதாகத் தூரத்துப் பறவைகளைக் கண்டு கையால் காட்டினான். பூநாரை காலாற் சேற்றைக் கிளறி, அலகைத் தலைகீழாக நீரினுட் செலுத்தி, சிற்றுயிர்களை வடித்து உண்ணும். இதனை அந்தச் சிறுவன் நெடுநேரம் பார்த்து நின்றான். பின்பு செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமண்ணிலே அதேபோலக் காலை மாற்றி மாற்றி மிதித்தான். ஒருவரும் பேசவில்லை, பறவைகளும் எழவில்லை. அவன் காதையும் பொத்தவில்லை. திரும்பும்போது தாயார் கேட்டார்: "அடுத்த முறை எப்ப, மாஸ்டர்?"

அன்பர்களே, இதனால் நோய் மாறிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அவன் இன்றும் பேசுவதில்லை. நான் கண்டது இதுதான்: பறவைக்கு வேண்டிய அமைதியே அப்பிள்ளைக்கும் வேண்டியிருந்தது. கூச்சலிடாமல், துரத்தாமல், அவசரப்படாமல் நின்றால் இருவருமே நம்மை அண்ட விடுவர். பிள்ளையை இடத்துக்கேற்ப மாற்ற முயன்றபோது தோற்றேன். பயணத்தைப் பிள்ளைக்கேற்ப அமைத்தபோது அது எளிதாயிற்று.

இதனைத் தருமம் என்று எண்ணவேண்டாம். 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம் விளையாட்டையும் பொழுதுபோக்கையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையாக ஏற்றுள்ளது. நமது நாடும் 2016இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. கோட்டையிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவிலே நீர்நிலத்தின் மேலாகப் பலகை நடைபாதை அமைத்திருக்கின்றனர். அத்தகைய பாதை ஒரு சிறு துண்டேனும் நமது கரையிலும் அமையவேண்டுமென்று அதிகாரிகளிடம் கேட்பதற்கு நமக்கு வாயில்லையா?

பாதை வரும்வரை பறவைகள் காத்திரா. பிள்ளைகளின் பருவமும் காத்திராது. ஆதலால் இளைஞர்களே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. மார்கழி தொடக்கம் மாசி வரை, மாதம் ஒரு சனிக்கிழமைக் காலையை மட்டும் தாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையோடு முன்கூட்டியே பழகி, அதற்குப் பிடித்தது எது, பயமூட்டுவது எது என்பதைத் தாயிடம் கேட்டறிந்து வாருங்கள். கைத்தொலைபேசியை வீட்டிலே வைத்துவிட்டு வந்தால் இன்னும் நன்று.

அடுத்த பஸ் புறப்படும்போது படலையிலே ஒரு பிள்ளையும் நிற்கக்கூடாது. அதுவே என் வேண்டுகோள்.