உள்ளப் பெருக்கும் அணைக்கட்டும்



பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலொடு கலக்கும் தண்பொருநையின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். இரு பருவமழையாலும் பெருகும் அவ்வாற்றுநீரைக் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைகள் தேக்கிக் கால்களில் திருப்புகின்றன. கால்வழிச் சென்ற நீர் குளத்தை நிறைத்து வயலை விளைக்கின்றது; கட்டுமீறிய நீரோ கரையை அரித்து ஊரை அழிக்கின்றது. மாந்தர் உள்ளத்தெழும் கவலையும் அத்தகையதே. அதனை முற்றும் அடைத்தல் இயலாது. போனபோக்கில் விடுதலும் ஆகாது. கால்வகுத்துச் செலுத்துதலே அறிவுடைமை.

கடன், வழக்கு, மகளின் திருமணம், வணிகத்தில் ஏற்ற இறக்கம் எனக் கவலைக்குக் காரணம் பல. கவலை மிகுங்கால் அட்ரீனலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர்கள் குருதியிற் கலந்து, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன என்பது மருத்துவர் கண்ட உண்மை. இடுக்கண் வந்த கணத்தில் இஃது உடலுக்கு உதவி. திங்கட்கணக்கில் நீடிப்பின் உறக்கமும் செரிமானமும் கெடும், இதயமும் ஊறுபடும்.

துன்பத்தைக் கால்வகுத்துச் செலுத்தியோர்க்குச் சான்று இம்மண்ணிலேயே உண்டு. சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7-ஆம் நாள் திருநெல்வேலி நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் விடுதலையுற்றார். இடையில் கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் உழன்றார், செக்கிழுத்தார், தாம் கண்ட கப்பற் கம்பெனி அழிந்ததையும் சிறையிலிருந்தே கேட்டார். அந்நிலையிலும் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். ‘மெய்யறிவு’, ‘மெய்யறம்’ என்னும் செய்யுள் நூல்களை இயற்றினார். உடல் செக்கில் உழன்றபோதும் உள்ளத்திற்கு ஒரு நற்பணி இருந்தது. பின்னாளில், 1935-இல், சிவஞானபோதத்திற்கு எளிய உரையும் கண்டார்.

அவர்தம் இளவல் மீனாட்சிசுந்தரமோ, தமையனார் பெற்ற தண்டனை கேட்டுச் சித்தம் கலங்கினார். இடி ஒன்றே, இருவர் உள்ளம் அதனைத் தாங்கியவாறு வேறு. இளவலைக் கோழையெனல் அறமன்று; உடற்பிணி போல உள்ளப்பிணியும் பிணியே. நோயுற்றோரை இகழாது பேணுதல் சுற்றத்தார் கடன்.

நாள்தோறும் உள்ளத்திற்குக் கால்வகுக்கும் வழிகள் எளியன. வைகறையில் எழுந்து நீராடுதல் ஒன்று. நெல்லையப்பர் காந்திமதியம்மை திருக்கோயில் போன்ற பெருங்கோயிலின் பிராகாரத்தை விரையாது வலம் வருதல் ஒன்று. அது வழிபாடுமாம், உடற்பயிற்சியுமாம். ஓரிடத்து அமர்ந்து, மூச்சை மெல்ல உள்வாங்கி, அதனினும் மெல்ல வெளிவிடின் நாடி தணியும். அன்றைய கவலையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டு உரைத்தலும், உரிய வேளையில் உறங்குதலும் பெருந்துணை. மாலையில் படித்துறையில் அமர்ந்து, நீரோட்டத்தையும் மறுகரைப் பசுமையையும் காண்பான், இழந்ததை எண்ணிய உள்ளத்தால் இருப்பதையும் எண்ணத் தொடங்குவான்.

இவற்றுக்கு அடங்காத பெருவெள்ளமும் உண்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றினுள்ளேயே அமைந்தது. வெள்ளம் வருமுன் உற்சவ மூர்த்தியை மேட்டிலுள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது அங்குள்ளோர் வழக்கம். நீர் வடிந்தபின் கோயிலைத் துப்புரவு செய்து வழிபாட்டைத் தொடர்வர். அம்முன்னறிவு குடும்பத்தார்க்கும் வேண்டும். ஒருவர் வாரக்கணக்கில் உறங்காது, உண்ணாது, எதிலும் பற்றற்று இருப்பாராயின், வெள்ளம் தலைக்குமேல் ஏறும்வரை காத்திராது மருத்துவரை நாடுக. அது பக்திக் குறைவன்று, இழுக்குமன்று.

பன்னீராண்டுக்கு ஒருமுறை திருக்கோயிலுக்குத் திருப்பணியும் குடமுழுக்கும் செய்தல் மரபு. உடம்பையும் ஆலயமாகக் கண்டது சைவம். அவ்வாலயத்தின் திருப்பணிக்குப் பன்னீராண்டு காத்திருத்தல் இயலாது. அது நாள்தோறும் நடைபெற வேண்டுவது. இக்கோயிலுக்குப் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர் யாவரும் மாலைதோறும் அரைநாழிகையேனும் இங்கு வந்து, சுமையை இறக்கிவைத்து அமைதியாக அமர்வாராக. எழுப்பிய மண்டபத்தின் பயன் எழுப்பினோர்க்கும் கிட்டுக.